புகைப்படச் சந்தையில் கடை போடுவது எப்படி: காரைக்குடியிலிருந்து சில குறிப்புகள்

முதல்முறை டெல்லிக்குப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தபோது வீட்டுக்கார ஆச்சி திண்ணைக்கு வந்து பார்த்துவிட்டு, "போட்டோவையா கொண்டு விக்கப் போறிய?" என்று கேட்டார். எங்கள் பக்கத்தில் கொண்டு விக்கப் போவது என்றால் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கப்பலேறிப் போய் வணிகம் பார்ப்பது. ஆச்சி கேட்டது கிண்டலாகத்தான். ஆனாலும் அந்தச் சொல் எனக்குப் பிடித்துவிட்டது. அப்படிப் போனவர்கள் யாரும் போய் இறங்கிய வாரமே லாபக் கணக்கு எழுதியதில்லை. சந்தைக்குப் போகிற கேலரிக்காரருக்கும் அதே கணக்குதான்: நாலு நாள் விற்பனையை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

காரைக்குடியில் ஒரு பழைய வீட்டின் முகப்பை வாடகைக்கு எடுத்துச் சின்னதாக ஒரு போட்டோ கேலரி நடத்துகிறேன். இதுவரை நாலு சந்தைகளில் கடை போட்டிருக்கிறேன். முதல் இரண்டிலும் கையைச் சுட்டுக்கொண்டேன். புதிதாக இறங்குகிறவர்களுக்கு அந்தச் சூடு பயன்படட்டும் என்று எழுதுகிறேன்.

எந்தச் சந்தை?

விழா வேறு, சந்தை வேறு. 2016இல் தொடங்கிய சென்னை போட்டோ பினாலே போன்றவை விழாக்கள். அங்கே படம் பார்க்கலாம், ஆட்களைச் சந்திக்கலாம், விற்பனை அதன் நோக்கமில்லை. சந்தை என்பது கேலரிகள் வாடகை கொடுத்து இடம் பிடித்து விற்கிற இடம். டெல்லியில் பிப்ரவரியில் நடக்கும் இந்தியா ஆர்ட் ஃபேர் 2008இல் வேறு பெயரில் தொடங்கியது. அங்கே ஓவியம், சிற்பத்தோடு சேர்ந்து போட்டோவும் தொங்கும். போட்டோவுக்கென்றே நடக்கும் பெரிய சந்தை என்றால் பாரிஸ் போட்டோ. 1997இலிருந்து நடக்கிறது, நவம்பரில், இப்போது கிராண்ட் பாலே கட்டிடத்தில். லண்டனில் போட்டோ லண்டன் 2015இல் தொடங்கியது.

எதுவானாலும் ஒரு வருடம் வெறும் பார்வையாளராகப் போய்வாருங்கள். போகும்போது படங்களைவிடச் சுவர்களைக் கவனியுங்கள். ஒரு சுவரில் எத்தனை படம், விலைப்பட்டியல் எங்கே இருக்கிறது, எந்தக் கடையில் ஆள் நிற்கிறார்கள், எதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். மூன்றாம் நாள் மத்தியானம் போனால் கடைக்காரர்கள் ஓய்வாக இருப்பார்கள். உண்மையும் பேசுவார்கள்.

கணக்கு

விண்ணப்பத்துக்கு முன்னால் கணக்கு. இடத்துக்குச் சதுர மீட்டர் கணக்கில் வாடகை. அதோடு முடியாது: கூடுதல் விளக்கு, மின்சாரம், படம் அடுக்கி வைக்கச் சின்ன அறை, காப்பீடு என்று ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டணம் வரும். பிரிண்ட், பிரேம், பெட்டி, லாரி, ரயில், தங்கும் அறை, சாப்பாடு இதெல்லாம் உங்கள் பாடு. என் அனுபவத்தில் இடவாடகை எவ்வளவோ அதே அளவு மற்ற செலவும் ஆகிவிடுகிறது.

விற்றதில் பாதி போட்டோ எடுத்தவருக்கு, பாதி கேலரிக்கு என்பது இந்தத் தொழிலில் பரவலான வழக்கம். அதனால் மொத்தச் செலவு 6 லட்சம் என்றால் 6 லட்சத்துக்கு விற்றால் கையைக் கடிக்காது என்று நினைக்காதீர்கள். 12 லட்சத்துக்கு விற்றால்தான் போட்ட பணம் வரும். இது தெரியாமலா போனேன் என்று கேட்பீர்கள். தெரிந்துதான் போனேன், காகிதத்தில் எழுதிப் பார்க்கவில்லை. பிரிண்ட், பிரேம் செலவை யார் ஏற்பது, தள்ளுபடி கொடுத்தால் அது யார் பங்கில் குறையும் என்பதையும் போட்டோ எடுத்தவரோடு முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

சந்தைக்கு ஆறேழு மாதம் முன்பே விண்ணப்பம் முடிந்துவிடும். தேர்வுக்குழு ஒன்று பார்க்கும். கேலரி இதுவரை என்னென்ன கண்காட்சி வைத்தது, இந்தமுறை யாருடைய படம், சுவரில் எப்படித் தொங்கும் என்று கேட்பார்கள். இளம் கேலரிகளுக்குக் குறைந்த வாடகையில் தனிப் பகுதி வைத்திருக்கும் சந்தைகள் உண்டு. அதைத் தேடிப் பிடியுங்கள்.

எதைக் கொண்டுபோவது

இங்கேதான் நான் முதலில் சறுக்கினேன். செட்டிநாட்டிலிருந்து வருகிறவன் செட்டிநாட்டு வீட்டைத்தானே காட்ட வேண்டும் என்று நினைத்து, பர்மா தேக்குத் தூண், பெல்ஜியம் கண்ணாடி, வளவில் (வீட்டு நடு முற்றத்தில்) விழும் வெயில் என்று ஐந்து பேருடைய 22 படங்களை அள்ளிக்கொண்டு போனேன். எல்லாம் அழகான படங்கள். வந்தவர்களும் "அழகு" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார்கள். அவர்கள் அந்தத் தூணைச் சுற்றுலாப் புத்தகத்திலேயே பார்த்துவிட்டார்கள்.

இரண்டு வருடம் கழித்து ஒரே ஒருவரின் படங்களை எடுத்துப் போனேன். தேவகோட்டைப் பக்கத்துப் பெண். பங்காளிகளுக்குள் வீடு பிரியும்போது சுவரில் மாட்டியிருந்த குடும்பப் படங்களையும் இறக்கிப் பிரித்துக்கொள்கிறார்கள். சிலது முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளுக்குப் போய்விடுகிறது. முட்டை வெள்ளைக்கரு சேர்த்து மழமழவென்று தேய்த்த அந்தச் சுண்ணாம்புச் சுவர் விளக்குப் புகையில் பல காலம் மங்கியிருக்கும். படம் இருந்த இடம் மட்டும் வெள்ளைச் சதுரமாக நிற்கும். அந்த வெள்ளைச் சதுரங்களைத்தான் அவர் எடுத்திருந்தார். ஒரு படத்தில் ஆணியும், ஆணியில் சந்தன மாலையின் நூலும் மட்டும் மிச்சம். ஒன்பது படம், ஒரே அளவு, ஒரே விஷயம். அந்த முறைதான் ஆட்கள் நின்றார்கள்.

ஆகவே ஒருவர், அல்லது அதிகம் போனால் இருவர். சுவரில் இருப்பதைக் கடந்து போகிறவர் ஒரு வாக்கியத்தில் இன்னொருவருக்குச் சொல்ல முடிய வேண்டும். "படம் எடுத்த இடத்தைப் படம் எடுத்திருக்காங்க, போய்ப் பாரு" என்று ஒருவர் போனில் சொன்னதை என் காதால் கேட்டேன்.

அனுமதி விஷயத்தில் எங்கள் ஊருக்கே உரிய தலைவலி ஒன்று உண்டு. ஒரு வீட்டுக்கு முப்பது பங்காளி இருப்பார்கள். சாவி வைத்திருக்கிறவர் சரி என்றால் போதும் என்று நினைத்தோம். கோலாலம்பூரிலிருந்து ஒரு பங்காளி போன் செய்து, "எங்க வீட்டுச் சுவரை யாரைக் கேட்டு விக்கிறிய?" என்றார். நியாயமான கேள்வி. சமாதானம் பேசி முடிக்க இரண்டு மாதம் ஆயிற்று. இப்போதெல்லாம் வீட்டு நிர்வாகம் பார்க்கிறவரிடமிருந்து, பங்காளிகளுக்குத் தெரிவித்தாயிற்று என்ற வாசகத்தோடு எழுத்தில் வாங்கிவிடுகிறேன்.

பழைய ஸ்டூடியோப் படங்களை, ரங்கூனிலும் பினாங்கிலும் எடுத்து வந்தவற்றை, விற்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். இரண்டு எச்சரிக்கை. படம் கையில் இருப்பதாலேயே அதை மறுபடி பிரிண்ட் போட்டு விற்கும் பதிப்புரிமை வந்துவிடாது. அப்புறம், 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறு வருடத்துக்கு மேற்பட்ட கலைப்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்குக் கொண்டுபோக முடியாது. வயது சந்தேகமாக இருந்தால் இந்தியத் தொல்லியல் துறையிடம் காட்டித் தொல்பொருள் இல்லை என்ற சான்று வாங்காமல் பெட்டியில் வைக்காதீர்கள்.

பிரிண்ட், எடிஷன், விலை

வாங்குகிறவர் முதலில் கேட்பது "எடிஷன் எத்தனை?" அதாவது, இந்தப் படத்தை மொத்தம் எத்தனை பிரதி போட்டு விற்பீர்கள் என்று. ஊர்க்காரர்களுக்கு இதை நான் ரவி வர்மா படத்தை வைத்துத்தான் விளக்குவேன். அவர் 1894இல் அச்சகம் போட்ட பிறகு லட்சுமியும் சரஸ்வதியும் வீட்டுக்கு வீடு வந்தார்கள். எத்தனை அச்சானது என்று வரம்பு கிடையாது. நாம் விற்கிற படத்துக்கு வரம்பு உண்டு. ஐந்து என்றால் ஐந்துதான். அதற்கு மேல் எடுத்தவரின் சொந்தப் பிரதி என்று ஒன்றிரண்டு இருக்கலாம், அதையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஐந்தும் விற்ற பிறகு அளவைக் கொஞ்சம் மாற்றி இன்னொரு ஐந்து போடலாமே என்று ஆசை வரும். போட்டால் உங்கள் பெயர் போய்விடும். இரண்டு அளவு வேண்டுமென்றால் தொடக்கத்திலேயே இரண்டையும் அறிவித்துவிடுங்கள்.

எடிஷன் விற்க விற்க விலை ஏறும். முதல் இரண்டு 40,000 ரூபாய் என்றால் அடுத்த இரண்டு 50,000, கடைசி 70,000 என்பது போல. எந்த எண் யாருக்குப் போனது என்று ஒரு பேரேடு வேண்டும். கம்ப்யூட்டரில் வைத்தாலும் சரி, நான் சிவப்பு அட்டைக் கணக்கு நோட்டில்தான் எழுதுகிறேன். இன்னொன்று: காரைக்குடியில் ஒரு விலை, டெல்லியில் ஒரு விலை கூடாது. வாங்குகிறவர்கள் ஒருவருக்கொருவர் பேசிக்கொள்வார்கள்.

தாள் விஷயத்தில் சிக்கனம் வேண்டாம். அமிலம் இல்லாத பருத்தித் தாள், 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) கனத்தில், எளிதில் மங்காத பிக்மென்ட் மை. இருட்டறையில் கையால் போட்ட சில்வர் ஜெலட்டின் பிரிண்ட் என்றால் அதைத் தனியாகச் சொல்லுங்கள், அதற்கு மதிப்பு வேறு. பின்பக்கம் பென்சிலில் கையெழுத்து, எடிஷன் எண், எடுத்த வருடம், பிரிண்ட் போட்ட வருடம். கூடவே சான்றிதழ்.

பிரேமும் பெட்டியும்

எங்கள் ஊரில் சாமி படத்துக்குக் கண்ணாடி போடுகிறவர் கைத்திறமை உள்ளவர். ஆனால் பின்னால் ஹார்ட்போர்டு வைத்து, பிரவுன் டேப் ஒட்டி, படத்தைக் கண்ணாடியோடு ஒட்டி அழுத்திவிடுவார். ஹார்ட்போர்டின் அமிலம் தாளை மஞ்சளாக்கும். கண்ணாடியில் ஒட்டிய படம் ஈரத்தில் அப்படியே பிடித்துக்கொள்ளும், பிரித்தால் மையோடு வரும். அவரிடமே போனேன், ஆனால் அமிலமில்லாத அட்டை, படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே இடைவெளி, டேப்புக்குப் பதில் ஜப்பான் தாளும் கோதுமைப் பசையும் என்று உட்கார்ந்து சொல்லிக்கொடுத்துச் செய்ய வைத்தேன். "சாமிக்கே இவ்வளவு செஞ்சதில்லையே" என்றார்.

முதல் சந்தைக்குப் பழைய நிலைக்கதவுத் தேக்கில் பிரேம் செய்தேன். பார்க்கப் பிரமாதம். ஒவ்வொன்றும் தூக்க இரண்டு ஆள் வேண்டும், சந்தைத் தட்டிச் சுவர் தாங்குமா என்று நாலு நாளும் வயிற்றில் புளி. மெல்லிய மரச்சட்டம் போதும். கண்ணாடிக்குப் பதில் அக்ரிலிக் போடுங்கள். அந்த முதல் பயணத்தில் லாரியில் மூன்று கண்ணாடி உடைந்து, சில்லு பிரிண்ட் மேலேயே கோடு போட்டுவிட்டது. கண்ணாடி 600 ரூபாய், போன படம் 40,000.

பெட்டி மரப்பெட்டி, ஆணி அடிக்காமல் திருகாணி போட்டது. திரும்பி வரும்போதும் அதே பெட்டிதானே வேண்டும். படங்கள் படுக்காமல் செங்குத்தாக நிற்க வேண்டும். மூடியின் உள்பக்கம் சாமான் சிட்டை ஒட்டுங்கள்: படத்தின் பெயர், எண், அளவு, மதிப்பு. இந்த ஊரில் கல்யாணத்துக்குச் சாமான் பரப்பினால்கூடச் சிட்டை உண்டு, நமக்கென்ன கேடு. போய்ச் சேர்ந்ததும் பெட்டியை உடனே திறக்காதீர்கள். ஒருநாள் அந்த அறையின் சூட்டுக்கும் குளிருக்கும் பழகட்டும், இல்லாவிட்டால் உள்ளே நீர் கோக்கும்.

காகிதங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 50,000 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள சரக்கு மாநிலம் தாண்டினால் இ-வே பில், அதாவது ஜிஎஸ்டி இணையதளத்தில் எடுக்கும் சரக்குப் போக்குவரத்துச் சீட்டு, வேண்டும். விற்காத படம் விற்பனை பில் இல்லாமல், டெலிவரி சலான் என்ற அனுப்புச் சீட்டில் போகும். வேறு மாநிலத்தில் விற்கத் தற்காலிக ஜிஎஸ்டி பதிவு தேவையா, எந்த விகிதம் என்று உங்கள் ஆடிட்டரைக் கேளுங்கள். ஓவியமும் போட்டோவும் வரிப் பட்டியலில் ஒரே தலைப்பில் இல்லை, அதைக் கட்டாயம் ஞாபகப்படுத்துங்கள். வெளிநாடு என்றால் ஏடிஏ கார்னெட் என்ற ஆவணம் உண்டு. இந்தியாவில் ஃபிக்கி என்ற வணிகச் சபைகளின் கூட்டமைப்பு கொடுக்கிறது. காட்சிக்குப் போய்த் திரும்பும் சரக்குக்கு அங்கே சுங்க வரி கட்டாமல் போய்வர அது உதவும். அங்கேயே விற்றுவிட்டால் கதை வேறு.

ஆத்தங்குடிக் கல்லில் ஒத்திகை

இது நானாகக் கண்டுபிடித்தது, கொஞ்சம் பெருமையும் உண்டு. எங்கள் பட்டாலையில் (வீட்டுக் கூடத்தில்) ஆத்தங்குடிக் கல் பதித்திருக்கிறது, ஒவ்வொன்றும் எட்டங்குலச் சதுரம். 15 கல் என்றால் மூன்று மீட்டர், 20 கல் என்றால் நாலு மீட்டர். ஆக 3 மீட்டருக்கு 4 மீட்டர் கடையைச் சாக்பீஸால் தரையிலேயே வரைந்துவிடலாம், அளவுநாடா வேண்டாம். கோட்டுக்குள் ஒரு மேசை, இரண்டு நாற்காலி போட்டு, நாலு பேரை நடக்கவிட்டுப் பாருங்கள். மேசை எவ்வளவு இடத்தைத் தின்கிறது என்று அப்போதுதான் தெரியும். நான் பெரிய மேசையை விட்டுவிட்டுச் சுவரோரப் பலகை ஒன்றுக்கு மாறினேன். பின்சுவர் 4 மீட்டர், பக்கச்சுவர்கள் மும்மூன்று, ஆக 10 மீட்டர். முப்பதங்குல அகலப் படம் என்றால் எட்டு, நெருக்கினால் ஒன்பது. 22 எங்கே போவது?

எங்கள் வீடுகளில் குடும்பப் படங்கள் நிலைக்கு மேலே, முன்பக்கம் சாய்ந்தபடி, அண்ணாந்து பார்க்கிற உயரத்தில்தான் இருக்கும். அந்தப் பழக்கத்தில் கை தானாக உயரே போகும். சந்தையில் படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து 57 முதல் 60 அங்குலம், அதாவது பார்க்கிறவர் கண்ணுக்கு நேராக இருக்க வேண்டும். ரசமட்டம், திருகாணி, ட்ரில், வெள்ளை பெயின்ட் ஒரு சின்ன டப்பா, பஞ்சுக் கையுறை எல்லாம் உங்களுடையதாக இருக்கட்டும். அங்கே இரவல் கேட்டால் கிடைக்காது, எல்லாருக்கும் அதே நேரத்தில் அதேதான் வேண்டியிருக்கும்.

அந்த நாலு நாள்

முதல்நாள் அழைப்பு வந்தவர்களுக்கு மட்டும். வாங்குகிறவர்கள் பெரும்பாலும் அன்றுதான் வருவார்கள், அதனால் முந்தின ராத்திரியே சுவர் முடிந்திருக்க வேண்டும். விலையை மறைக்காதீர்கள். கேட்டால்தான் சொல்வோம் என்ற கௌரவம் பெரிய கேலரிகளுக்குச் சரி, நம்மைக் கேட்கக் கூச்சப்பட்டே பாதிப்பேர் போய்விடுவார்கள். கடைக்குள் உட்கார்ந்து போனைப் பார்த்தால் முடிந்தது கதை. ஒருவர் படத்தின் முன் நின்றால் உடனே பாய்ந்து விளக்கவும் கூடாது. இரண்டாவது படத்துக்கு நகரும்போது வாயைத் திறவுங்கள்.

"எடுத்து வையுங்கள், வருகிறேன்" என்பார்கள். சரி, ஆனால் எத்தனை மணிவரை என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். முதல் வருடம் ஒருவருக்காக இரண்டு நாள் ஒரு படத்தை வைத்திருந்தேன், அவர் வரவே இல்லை. அதே படத்தை இரண்டு பேர் கேட்டுவிட்டுப் போனார்கள். இப்போது இரண்டு மணிநேரம், அவ்வளவுதான். பணம் வந்து சேர்ந்தபின்தான் விற்றாயிற்று என்று காட்டும் சிவப்புப் பொட்டு. பத்து சதவீதம் குறைக்கக் கேட்பார்கள், அதைக் கணக்கில் வைத்துக்கொண்டே போங்கள்.

வெள்ளைச் சதுரப் படங்களோடு போன சந்தையில் மூன்றாம் நாள் வயதான ஆச்சி ஒருவர் வந்தார். டெல்லியில் மகன் வீட்டில் இருக்கிறாராம், சொந்த ஊர் கோட்டையூர்ப் பக்கம். அந்தச் சந்தன மாலை நூல் படத்தின் முன் வெகுநேரம் நின்றார். "இது ஐயா படம் இருந்த இடம். பக்கத்துல ஆயா படம் இருந்திருக்கணுமே?" என்றார். எங்கள் பக்கத்தில் ஐயா என்றால் தாத்தா, ஆயா என்றால் பாட்டி. இல்லையே ஆச்சி என்றேன். அவர் படத்தின் இடது ஓரத்தைக் காட்டினார். பிரேமை ஒட்டி, விரல் அகலத்துக்கு ஒரு வெள்ளைக் கோடு. இன்னொரு சதுரத்தின் விளிம்பு. எடுத்தவரும் கவனிக்கவில்லை, இரண்டு வருடமாகப் பார்த்துக்கொண்டிருந்த நானும் கவனிக்கவில்லை.

ஆச்சி வாங்கவில்லை. பெயரையும் போன் நம்பரையும் நோட்டில் எழுதிக்கொண்டு, அன்று ராத்திரியே அந்தப் படத்தை அவருடைய மகனுக்கு அனுப்பினேன். ஏப்ரலில் அந்த மகன் இரண்டு படம் வாங்கினார். சந்தை பிப்ரவரியில் முடிந்துவிட்டது.

திரும்பி வந்தபின்

ஒரு வாரத்துக்குள் நோட்டில் உள்ள எல்லாருக்கும் எழுதுங்கள். ஒரே கடிதத்தை எல்லாருக்கும் அனுப்பாமல், அவரவர் நின்று பார்த்த படத்தைச் சொல்லி எழுதுங்கள். இதற்காகவே பெயருக்குப் பக்கத்தில் "மூன்றாவது படம், நீலச் சட்டை" என்றெல்லாம் குறித்துவைக்கிறேன். அருங்காட்சியகம், பத்திரிகை ஆட்கள் என்றால் பதில் வர மாதக்கணக்கில் ஆகும், விடாதீர்கள்.

படம் எடுத்தவருக்குப் பணம் வந்த ஒரு மாதத்துக்குள் அவர் பங்கைக் கொடுத்துவிடுங்கள். அடுத்த சந்தைச் செலவுக்கு அதை எடுத்துச் சுழற்றுகிற கேலரிகளைப் பார்த்திருக்கிறேன், அந்தக் கேலரிகளில் இரண்டாவது முறை நல்ல படம் கிடைப்பதில்லை.

ஐந்தொகை (வரவு செலவின் முடிவுக் கணக்கு) போடுவதைச் சந்தை முடிந்த ஆறாவது மாதத்துக்குத் தள்ளிவையுங்கள், ஏப்ரலில் வந்த இரண்டு படமும் அந்தச் சந்தையின் வரவுதான். அதே சந்தைக்கு மூன்று முறை போய்ப் பார்க்கலாம் என்பது என் கணக்கு. மூன்றாவது முறையும் நோட்டில் புதுப் பெயர் ஏறவில்லை என்றால் வேறு சந்தை பார்க்கலாம்.

வந்த பெட்டியைச் சிட்டையோடு சரிபார்த்து வீட்டின் பின்பகுதியான இரண்டாம் கட்டில், தரையில் படாமல் கட்டை கொடுத்து வையுங்கள், கரையான் இருக்கிற ஊர். கழற்றிய திருகாணிகளை ஒரு பையில் போட்டு அந்தந்தப் பெட்டியின் உள்ளேயே கட்டிவிடுங்கள். நான் இந்த வருடமும் தேடிக்கொண்டிருக்கிறேன்.